தொலைபேசியும் பொதுமொழியும்

சென்னையிலிருந்து மேற்கே வரும் இரயில் ஜோலார்பேட்டையையும் பங்காருப்பேட்டையையும் கடந்து பெங்களூரின் விளிம்பைத் தொடும் இடம் கிருஷ்ணராஜபுரம். அந்நிலையத்துக்கு அண்மையில், பழைய சென்னைச் சாலையை ஒட்டி, 'தூரவாணி நகர்' என்றொரு பகுதி உண்டு. கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. ஒரு கருவியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் அரிது. இவ்வழியே ஊருக்குப் போய் வரும் தமிழருள் பெரும்பாலோர் அப்பெயரைக் கேட்டிருப்பர். அது எவ்வாறு வந்தது என்று நினைத்துப் பார்த்தவர் சிலரே.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, அதாவது 1948இல், இந்திய அரசு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துத் தொலைபேசிக் கம்பெனி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, இங்கே ஒரு தொழிற்சாலையைத் தொடங்கிற்று. 'இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்' என்பது அதன் பெயர், சுருக்கமாக ஐ.டி.ஐ. முதலில் அரசுத் துறையின் ஓர் அங்கமாக இருந்து, 1950இல் தனிக் கம்பெனியாயிற்று. சுதந்திர இந்தியாவின் பொதுத்துறைத் தொழிற்சாலைகளுள் மூத்தது இதுவே. அங்கே செய்யப்பட்டவை மேசைமேல் வைக்கும் கறுப்புத் தொலைபேசிகள் மட்டுமல்ல. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் எக்ஸ்சேஞ்சு இயந்திரங்களும் ஆகும். நாம் சொல்லவிருக்கும் கதை பின்னதைப் பற்றியது.

லிவர்பூல் கம்பெனி நமக்குக் கற்றுத் தந்த இயந்திரம் ஸ்ட்ரோஜர் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் கான்சஸ் நகரில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் தமக்கு வர வேண்டிய அழைப்புகளைப் போட்டிக் கடைக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்ற ஐயமே அவரை இக்கருவியைக் கண்டுபிடிக்கத் தூண்டிற்று என்று சொல்லுவர். எண்வட்டைச் சுழற்றும்போது எழும் துடிப்புகளுக்கு ஏற்ப ஒரு கைப்பிடி பத்துப் படிகளுள் வேண்டிய படிக்கு ஏறும். பின்பு பக்கவாட்டில் திரும்பிப் பத்து முனைகளுள் ஒன்றைத் தொடும். இவ்வாறு நூறு முனைகளுள் ஒன்று கிட்டும். எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தால் ஆயிரக்கணக்கான தறிகள் ஓடும் கூடத்தில் நிற்பது போன்ற ஓசை கேட்கும்.

நல்ல இயந்திரம்தான், நெடுங்காலம் உழைத்தது. எனினும் அதில் ஒரு கட்டு இருந்தது. ஒரு நிலையத்தில் ஒரு கம்பெனியின் பொறியை நிறுவிவிட்டால், அதை விரிவாக்கவும் பழுது பார்க்கவும் அதே வகைப் பொறியைத்தான் நாட வேண்டும். ஒன்றின் உள்ளுறுப்பு மற்றொன்றோடு சேராது. பொறிக்கும் பொறிக்கும் இடையே உள்ள இந்த மூட்டு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் வாங்குபவரின் குடுமி இருக்கிறது என்று பொருள். பெங்களூரின் தொலைபேசி வரலாறு முழுவதும் இந்த மூட்டைப் பற்றிய வழக்கே என்று நாம் கருதுகிறோம்.

வழக்கு தொலைபேசிக்கும் முந்தியது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பாவில் தந்தி பரவியபோது, ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. எல்லைப்புற ஊரில் தந்தியைக் காகிதத்தில் எழுதி எடுத்து, அடுத்த நாட்டு ஊழியரிடம் கையிற் கொடுப்பார்கள். அவர் அதைத் தம் கம்பியில் மீண்டும் அடித்தனுப்புவார். மின்னல் வேகத்தில் வந்த செய்தி எல்லையில் நடந்து போயிற்று! இந்த வேடிக்கைக்கு முடிவு கட்ட 1865ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் 20 நாடுகள் கூடி, சர்வதேசத் தந்திச் சங்கத்தை அமைத்தன. இந்தியா 1869இல் அதன் அங்கத்தினராயிற்று. இன்று ஐ.டி.யு. என்ற பெயரில் ஐக்கிய நாடுகளின் கீழ் இயங்குவது அச்சங்கமே.

அவர்கள் செய்த வேலையை, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம். பெங்களூர்க் கடைவீதியில் கன்னடமும், பம்பாயில் இந்தியோ மராட்டியோ பேசுகிறோம். வீட்டிற்குள் எம்மொழி வழங்கினும், வாசற்படியில் இருவருக்கும் தெரிந்த ஒரு மொழி வேண்டும். அந்த வாசற்படி மொழியை எழுதி, எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டால், அது பொது நியமம். அதாவது திறந்த நியமம். ஒருவர் அதைத் தம் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டால், மற்றவர் அவர் வாசலில் காத்துக் கிடக்க நேரும்.

காத்துக் கிடந்த அனுபவம் இந்தியாவுக்கு நிறைய உண்டு. ஸ்ட்ரோஜர் பழையதாயிற்று என்று 1964இல் ஐ.டி.ஐ. பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் நகரத்துக் கம்பெனி ஒன்றுடன் கிராஸ்பார் இயந்திரத்துக்கு ஒப்பந்தம் செய்தது. அந்த இயந்திரம் ஐரோப்பிய வழக்கத்துக்கு ஏற்ப அமைந்தது. அங்கே வீட்டுக்கு ஒரு தொலைபேசி; நாளைக்குச் சில அழைப்புகள். இங்கோ ஒரு தெருவுக்கே ஒரு தொலைபேசி. அதில் காலை முதல் இரவு வரை பேச்சு. எண் கிடைக்காவிடில் நம்மவர் சும்மா இருப்பதில்லை, கிடைக்கும் வரை மீண்டும் மீண்டும் சுழற்றுவர். இந்தச் சுமையைத் தாங்காமல் பொறி திணறிற்று. நம் பொறியியலார் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, இந்திய நிலைமைக்கு ஏற்ற கிராஸ்பாரைத் தாமே வகுக்க வேண்டியதாயிற்று. பிறர் பொறியை வாங்கியவர் அதன் உள்ளத்தை அறியாவிட்டால் என்னவாகும் என்பதை அவர்கள் அப்போது கற்றார்கள். பின்னாளில் இது பயன்பட்டது.

அந்நாட்களில் ஊருக்குப் பேசுவதென்றால் டிரங்க் கால். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூவகை. ஆர்டினரியில் பதிவு செய்தவர் அஞ்சலகத் திண்ணையிலேயே உறங்கி எழுந்ததுண்டு. நேரடியாக எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. முறை 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிற்று. அது பிற நகரங்களுக்குப் பரவுவதற்கு, வெவ்வேறு வகைப் பொறிகள் ஒரே குறிப்புமொழியில் பேசியாக வேண்டியிருந்தது. யார் அழைக்கிறார், யாரை அழைக்கிறார், மறுமுனை எடுத்ததா, எப்போது வைத்தது, எவ்வளவு கட்டணம் என்ற விவரங்களே அக்குறிப்புகள். பேசுவோர் காதில் விழாத இந்த உரையாடல் சரியாக நடந்தால்தான் நம் பேச்சு நடக்கும்.

1984 ஆகஸ்டில் சி-டாட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தை அரசு அமைத்தது. ஒடிசாவிற் பிறந்து அமெரிக்காவில் தொலைபேசித் தொழிலில் பெயர் பெற்ற சாம் பித்ரோடா அதற்கு உந்துசக்தியாக நின்றார். 36 மாதம், 36 கோடி ரூபாய், அதற்குள் இந்திய எக்ஸ்சேஞ்சு என்பது வாக்குறுதி. டில்லியிலும் பெங்களூரிலும் இளம் பொறியியலார் கூடி வேலை செய்தனர். 1986இல் கர்நாடகத்தின் வட பகுதியில், இராணி சென்னம்மாவின் கித்தூரில், அவர்களது கிராம எக்ஸ்சேஞ்சு நிறுவப்பட்டது. 128 வாய்கள் கொண்ட சிறு பெட்டி அது. குளிர்சாதனம் வேண்டாம், வெயிலும் புழுதியும் அதற்குப் பொருட்டல்ல. வெளிநாட்டு மின்னணு இயந்திரங்களுக்குக் குளிர் அறை கட்டாயம்; மின்சாரமே நிற்காமல் வராத கிராமத்தில் குளிர் அறைக்கு எங்கே போவது?

பெரு நகரங்களுக்கான பெரிய எக்ஸ்சேஞ்சு சொன்ன கெடுவில் முடியவில்லை என்ற குறை எழுந்ததும் உண்மை. ஆயினும் நாம் பெரிதாகப் போற்ற வேண்டியது சி-டாட் செய்த மற்றொரு காரியத்தை. தான் வகுத்த பொறியின் வரைபடங்களை அது ஒரே கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. அரசுத் துறை, தனியார் துறை என்ற வேறுபாடின்றிப் பல தொழிற்சாலைகளுக்கு உரிமம் வழங்கிற்று. ஐ.டி.ஐ.யும் பெற்றது, சிறு கம்பெனிகளும் பெற்றன. செய்வோர் பலராகவே விலை இறங்கிற்று. கிராமத்துக்குத் தொலைபேசி போயிற்று. மஞ்சள் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய கூண்டுகள் தெருமுனைதோறும் முளைத்த காலம் அதை ஒட்டி வந்தது. இரவு முற்றியபின் கட்டணம் குறையும் என்று காத்திருந்து, சுவரில் ஓடும் சிவப்பு எண்களை ஒரு கண்ணால் பார்த்தவாறே ஊரில் உள்ளோரின் நலம் விசாரித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

இனிக் கம்பியில்லாத கதை. ஐரோப்பாவில் 1980களின் தொடக்கத்தில் நாட்டுக்கு ஒரு முறையாகக் காரில் வைக்கும் தொலைபேசிகள் இருந்தன. எல்லையைத் தாண்டினால் அவை ஊமையாகும். பழைய தந்தி வேடிக்கை மறுபடியும் வந்துவிட்டது. 1982இல் அங்குள்ள அஞ்சல் தந்தி நிருவாகங்கள் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தன. 1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் 13 நாடுகளைச் சேர்ந்தோர் கையொப்பமிட்டனர். ஜி.எஸ்.எம். என்ற அந்த நியமப்படி 1991இல் பின்லாந்தில் முதல் அழைப்பு நடந்தது. இந்தியாவில் 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைபேசியிற் பேசினார்.

இந்நியமத்தில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. சந்தாதாரரின் அடையாளம் முழுவதும் சிம் என்ற சிறு அட்டையில் அடங்கிற்று. அட்டையை எடுத்து வேறு எந்தக் கம்பெனியின் கைபேசியில் செருகினாலும் அது வேலை செய்யும். பின்னர் 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் மலிவாக வந்த சி.டி.எம்.ஏ. கைபேசிகள் பலவற்றில் அந்த அட்டை இல்லை. கருவியும் சேவையும் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருந்தன. சேவையை மாற்ற விரும்பியவர் கருவியையும் தூக்கி எறிய நேர்ந்தது. கையில் இருக்கும் பொருளிலேயே திறந்த மூட்டும் மூடிய மூட்டும் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் ஜி.எஸ்.எம். நியமமும் முழுதும் திறந்ததன்று. கோபுரங்களை ஆளும் பெட்டிக்கும் பெரிய இணைப்பு நிலையத்துக்கும் இடையே உள்ள மூட்டு நன்கு வரையறுக்கப்பட்டது. ஒரு கம்பெனியின் பெட்டியும் மற்றொரு கம்பெனியின் நிலையமும் அங்கே சேர்ந்தன. கோபுரத்துக் கருவிக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையே இருந்த மூட்டோ பெயரளவுக்கே நியமத்தில் இருந்தது. நடைமுறையில் இரண்டையும் ஒரே கம்பெனியிடம் வாங்கியே தீர வேண்டும். கோபுரங்கள்தாம் எண்ணிக்கையில் மிகுதி, செலவிலும் மிகுதி. வாசற்கதவைத் திறந்து வைத்துக் களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். இன்னொன்றும் இங்கே கூறத்தக்கது: திறந்தது என்றால் இலவசம் அன்று. நியமத்தை எவரும் படிக்கலாம். அதில் அடங்கிய காப்புரிமைகளுக்கு உரியவர்களுக்குப் பணம் கட்டியாக வேண்டும்.

வெளிமாநிலத் தமிழருக்கு இவை அனைத்திலும் நேரே பட்ட சீர்திருத்தம் எண் மாற்றமின்மை. 2011 ஜனவரி 20 முதல், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் கம்பெனியை மாற்றினாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை என்றாயிற்று. ஆனால் தமிழ்நாட்டு வட்டத்திலிருந்து கர்நாடக வட்டத்துக்கு வந்தவருக்கு அவ்வசதி இல்லை. வெளிவட்டக் கட்டணத்தைச் செலுத்திக்கொண்டே பழைய எண்ணை வைத்திருக்க வேண்டும்; அன்றேல் புது எண் வாங்கி, ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் சொல்லியனுப்ப வேண்டும். ஊரில் பாட்டியின் தலைமாட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்த எண் ஒரு நாளில் பொய்யாகிவிடும். 2015 ஜூலை 3 முதல் அக்கட்டு நாடு முழுவதும் தளர்ந்தது. எல்லாக் கம்பெனிகளும் ஒரு பொது ஏட்டைக் கேட்டு, இந்த எண் இன்று யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அழைப்பை அனுப்பும் ஏற்பாடுதான் இதற்கு அடிப்படை.

இந்தப் பொது ஏட்டின் கருத்தே, ஐந்தாந் தலைமுறை வலையமைப்பின் நடுப்பகுதியை அமைத்தவர்களுக்கும் வழிகாட்டியது போலத் தோன்றுகிறது. 1998இல் தோன்றிய 3ஜி.பி.பி. என்னும் உலகக் கூட்டமைப்பு கைபேசி நியமங்களை வகுத்து வருகிறது. நான்காந் தலைமுறை வரை, நிலையத்துக்குள் இருந்த ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி மூட்டு. இரண்டு பெட்டி சேரும் ஒவ்வோரிடத்துக்கும் தனித்த இலக்கணம். புதுப்பெட்டி ஒன்றை நடுவில் வைப்பதென்றால் பல மூட்டுகளைக் கழற்றி மாட்ட வேண்டும். 2018இல் முற்றுப்பெற்ற பதினைந்தாம் வெளியீட்டில் இதை மாற்றினார்கள். பெட்டிகள் என்ற எண்ணமே போய், ஒவ்வோர் உறுப்பும் ஒரு சேவை என்றாயிற்று. ஆளை அடையாளம் காண்பது ஒரு சேவை. அவர் எங்கே இருக்கிறார் என்று அறிவது ஒரு சேவை. கட்டணம் கணக்கிடுவது ஒரு சேவை. ஒவ்வொன்றும் வேலையைத் தொடங்கும்போது பொதுப் பதிவேட்டில் தன் பெயரையும் தான் செய்யும் தொழிலையும் பதிந்துகொள்ளும். தேவைப்படுவோர் பதிவேட்டைப் பார்த்து அழைப்பர். இதையே சேவை அடிப்படையிலான கட்டமைப்பு என்கின்றனர். அவை தம்முள் பேசிக்கொள்வதும் தனி மொழியில் அன்று. இணையத்தில் ஏடுகளைக் கேட்டுப் பெறப் பயன்படும் அதே எச்.டி.டி.பி. மொழியில்தான்.

பெங்களூருக்கு இது பெரிய செய்தி. முன்பு எக்ஸ்சேஞ்சு செய்ய உலோகப் பட்டறை வேண்டும், சுருள் சுற்றும் கைகள் வேண்டும். தூரவாணி நகரில் அக்கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மின்னணு முறை வந்தபோது அவற்றின் வேலை போயிற்று. அந்த இழப்பை முன்னேற்றம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட நமக்கு மனமில்லை. இன்று எக்ஸ்சேஞ்சின் நடுப்பகுதி மென்பொருளாகிவிட்டது. அதன் மொழி இந்நகரத்து இளைஞர் அன்றாடம் எழுதும் மொழி.

நியமம் எழுதும் மேசையில் நமக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு விடை அண்மைக் காலத்தில்தான் கிடைத்தது. டி.எஸ்.டி.எஸ்.ஐ. என்னும் இந்திய நியமச் சங்கம் 2015இல் 3ஜி.பி.பி.யின் உறுப்புச் சங்கங்களுள் ஒன்றாயிற்று. சென்னை, ஐதராபாத் ஐ.ஐ.டி.களில் ஆராய்ந்தவர்கள் ஒரு வாதத்தை முன்வைத்தனர். உலக நியமம் கோபுரங்கள் நெருங்கி நிற்கும் நாடுகளை எண்ணி எழுதப்பட்டது. நம் கிராமங்களில் கோபுரத்துக்குக் கோபுரம் 6 கிலோமீட்டர் இருந்தாலும் வேலை நடக்க வேண்டும் என்பது அவ்வாதம். கோபுரத்தின் குரல் தூரம் போகும். கைபேசியின் மெல்லிய குரல் திரும்பி எட்டுவதே கடினம். அக்குரலைச் சிதையாமல் உரத்து அனுப்ப ஒரு முறையை அவர்கள் வகுத்தனர். ஐ.டி.யு. 2021இல் அதை ஏற்று 5ஜி.ஐ. என்ற பெயரில் உலக நியமங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

அதன்பின் எழுந்தது உண்மையான தருக்கம். நம் நியமம் தனியே நின்றால், அதற்கென்று தனிக் கைபேசி செய்ய வேண்டும், விலை ஏறும், வெளிநாட்டுக் கருவி இங்கே சரிவர இயங்காது என்று சேவைக் கம்பெனிகள் எதிர்த்தன. நம் மொழி நமக்கு வேண்டும் என்பதும் நியாயம், ஊர்ப் பொதுமொழியை விட்டால் சந்தையே போய்விடும் என்பதும் நியாயம். முடிவில் அதன் சாரமான பகுதிகள் 3ஜி.பி.பி.யின் பதினேழாம் வெளியீட்டிற் கலந்தன. தனிக்கொடி இறங்கிற்று, நாம் எழுதிய வரிகள் எல்லாருடைய ஏட்டிலும் இடம்பெற்றன. இதைத் தோல்வி என்பாரும் உண்டு. கோபுரம் தூரத்தில் உள்ள கிராமத்தானுக்கு இதுவே நல்ல முடிவு என்பது நம் கருத்து.

எஞ்சியது கோபுரத்து மூட்டு. 2018இல் உலகச் சேவைக் கம்பெனிகள் ஐந்து சேர்ந்து ஓ-ரான் என்ற கூட்டணியை அமைத்து, அக்களஞ்சியக் கதவையும் திறக்க முயன்று வருகின்றன. இந்தியாவில் இதற்கு நெருங்கிய சோதனை பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் நான்காந் தலைமுறை வலையமைப்பு. 2019இல் அரசு அதற்கு ஒப்புதல் தந்தது; வெளிநாட்டுக் கருவிகளுக்கு வழிவிட்ட டெண்டர் 2020இல் இரத்தாயிற்று; உள்நாட்டுக் கருவியே வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நடுப்பகுதியைச் சி-டாட் செய்தது. கோபுரத்து வானொலிக் கருவிகளை, 2000ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய தேஜஸ் நெட்வொர்க்ஸ் செய்தது. இரண்டையும் இசைத்துப் பொருத்தும் பொறுப்பு டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்துக்கு. ஒரு பங்கு கோபுர வேலை ஐ.டி.ஐ.க்கும் ஒதுக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 27ஆம் நாள் ஒடிசாவில் ஜார்சுகுடா நகரிலிருந்து, 90,000க்கு மேற்பட்ட கோபுரங்களோடு, பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார்.

ஒப்புதலுக்கும் தொடக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். அதற்குள் தனியார் கம்பெனிகள் ஐந்தாந் தலைமுறைக்கே போய்விட்டன, பி.எஸ்.என்.எல். சந்தாதாரர் பலர் எண்ணை எடுத்துக்கொண்டு வெளியேறினர். திறந்த முறையின் விலை இது. ஒரே கம்பெனியிடம் எல்லாவற்றையும் வாங்கினால், நள்ளிரவில் ஒரு கோபுரம் மௌனமானபோது ஒருவரை எழுப்பினால் போதும். மூவர் செய்த வலையமைப்பில், பழுது நடுப்பகுதியிலா, வானொலிக் கருவியிலா, பொருத்திய இடத்திலா என்று மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த மேசை இப்போது பெங்களூரிலும் டில்லியிலும் இருக்கிறது. கிராஸ்பார் நாளில் அதற்காக ஆண்ட்வெர்ப் நகரத்துக்குக் கடிதம் எழுதினோம்.